புலிக்கும் ஒரு நெறி உண்டு

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களிற் பலர் ஒரு புலியை நன்கு அறிவார்கள். அது மடுல்சீமைக் காட்டிலோ நமுனுகுல மலைச்சாரலிலோ திரியும் புலி அன்று. லயத்து இஸ்தோப்பின் தரையிலே, அடுப்புக் கரியாற் கீறிய கோடுகளுக்குள் வாழும் புலி. பதுளைப் பக்கத்தில் வாடைக்காலத்து மழை விடாது பெய்யும் மாலைகளிலே, 3 கூழாங்கற்களைப் புலிகளாகவும் 15 தேயிலைக் கொட்டைகளை ஆடுகளாகவும் வைத்துக்கொண்டு நாங்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தப் புலியைப் பற்றியது. இன்னும் விரிவாகச் சொன்னால், ஆட்டங்களிலே நாம் படைக்கின்ற கொடிய விலங்குகளும் அசுரர்களும் எப்படி இருத்தல் வேண்டும் என்பது பற்றியது.

முதலில் ஆடுபுலி ஆட்டத்தின் அமைப்பைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு முக்கோணம், அதன் உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள். கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் 23. ஆட்டுக்காரர் தம் ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்குவார். பதினைந்தும் இறங்கி முடியும்வரை, இறங்கிய ஆடு இடம்விட்டு நகரலாகாது. புலியோ கோட்டின் வழியே ஓர் இடம் நகரலாம். பக்கத்தில் ஓர் ஆடு நின்று, அதற்கு அப்பால் அதே நேர்கோட்டில் அடுத்த இடம் வெறுமையாக இருந்தால், அந்த ஆட்டைத் தாண்டிப் பாய்ந்து அதனைக் கொல்லலாம். ஆடு எதனையும் கொல்ல முடியாது. புலிகள் மூன்றையும் அசைய வழியின்றி அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. குறித்த எண்ணிக்கை ஆடுகள் வீழ்ந்துவிட்டால் புலிக்கு வெற்றி.

இந்த ஆட்டத்தில் இரு பக்கமும் சமமல்ல. ஒரு பக்கம் கொல்ல வல்லது. மறு பக்கம் நிற்க மட்டுமே வல்லது. ஆயினும், இந்த ஆட்டம் அநியாயமானது என்று எந்தப் பிள்ளையும் முறையிட்டு நான் கேட்டதில்லை. அஃது ஏன்? இதனை ஆராய்ந்தால், சமம் என்பது வேறு, நியாயம் என்பது வேறு என்ற உண்மை விளங்கும்.

புலியின் வலிமை அச்சந்தருவது. ஆனால் அதன் எல்லை யாவருக்கும் தெரிந்தது. அது நேர்கோட்டிலேதான் பாயும். ஒரு பாய்ச்சலில் ஓர் ஆட்டைத்தான் தாண்டும். இறங்குவதற்கு வெறுமையான இடம் வேண்டும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு ஆடுகள், அந்தத் திசையிலிருந்து வரும் புலிக்குக் கோட்டைச் சுவர் ஆகின்றன. புலியின் பலவீனம் வெளியிலிருந்து ஒட்டிவைத்த ஒன்றன்று. அதன் பலத்துக்குள்ளேயே இருக்கிறது. பாய்ந்து கொல்வதனாலேயே, பாய்ந்து இறங்க இடமில்லாதபோது அது சிறைப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடு ஒன்றும் இழவாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால், 23 இடங்களில் வெறுமையாய் எஞ்சுவன 5 மாத்திரமே. ஓர் ஆடு வீழுந்தோறும் புலிக்கு உலாவ ஓர் இடம் கூடுகிறது. ஒருவர் வீழ்ச்சி எல்லாருக்கும் ஆபத்து என்ற பாடத்தை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கோடுகளே கற்பிக்கின்றன.

இவ்வாறு வேட்டை விலங்கின் வலிமையை அளந்து, அதற்கு எதிரே எத்தனை எளிய உயிர்களை நிறுத்தினால் ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்று பல நாட்டு மக்களும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நேபாளத்து மக்களின் பாக்சால் என்னும் ஆட்டத்தில் 25 இடங்கள், 4 புலிகள், 20 ஆடுகள். நம் நாட்டுச் சிங்கள மக்களிடையே, ஹத் திவியன் கெளிய, அதாவது ஏழு சிறுத்தைகள் ஆட்டம் வழங்கியது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அலுவல் பார்த்த ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909இல் வெளியான பண்டைய இலங்கை பற்றிய தம் நூலில் இதனை விவரித்திருக்கிறார். அங்கே 7 சிறுத்தைகள் சேர்ந்து ஒரு புலியை மடக்க முயல்கின்றன. இலங்கைக் காடுகளில் வேங்கைப்புலி கிடையாது. உள்ளது சிறுத்தை ஒன்றே. ஆயினும் ஆட்டத்துப் புலி நாட்டெல்லை பார்த்து வாழ்வதில்லை.

இனி, இதே செய்தியை வேறொரு வகை ஆட்டத்திலே காண்போம். மேசையைச் சுற்றி நண்பர்கள் சிலர் அமர்ந்து, ஒருவர் வீரராகவும், ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் அது. இத்தகைய ஆட்டங்களில் முதன்முதலாக அச்சேறி விற்பனைக்கு வந்தது, அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இயற்றி 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதாகும். இன்று உலகின் பல பாகங்களிலும் இளைஞர் இதனை ஆடுகின்றனர்.

நமக்கு இது முற்றிலும் புதியதன்று. மாசி மாதத்திலே தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறதல்லவா? நேற்றுவரை நம்மோடு கொழுந்து பறித்தவரும் கவ்வாத்து வெட்டியவரும் மன்மதனாகவும் ரதியாகவும் வேடந்தாங்கி நிற்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காமன் கூத்தின் முடிவு எல்லாருக்கும் தெரியும். மன்மதன் எரிந்தே தீரவேண்டும். மேசை ஆட்டத்தின் முடிவோ ஒருவருக்கும் தெரியாது. ஆடுவோரின் தீர்மானமும் பகடையின் வீழ்ச்சியும் சேர்ந்து அதனை முடிவு செய்கின்றன. அவர்களுக்கு எதிரே வரும் கொடிய உயிர்களை எல்லாம் ஒருவரே நடத்துகிறார். அவரே கதை சொல்லி, அவரே நடுவர். ஆகவே அவர் கையிலிருக்கும் அதிகாரம் மிகப் பெரியது. ஆடுபுலி ஆட்டத்துப் புலி தரையிற் கீறிய கோட்டுக்குக் கட்டுப்பட்டது. இந்த நடுவரின் புலியைக் கட்டும் கோடு எங்கே இருக்கிறது?

இந்த வினாவுக்கு விடையாகத்தான், 1977இல் அதே ஆட்டத்துக்கு மான்ஸ்டர் மேனுவல் என்றொரு நூல் எழுந்தது. 350க்கும் மேற்பட்ட கொடிய உயிர்கள் அதிலே அகரவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. எத்தனை அடி தாங்கும், எவ்வளவு விரைவாக நகரும், எதனால் அதற்குத் தீங்கு நேரும் என்று ஒவ்வொன்றுக்கும் எண்கள் உண்டு. நம் இராட்சதரும் அங்கே இடம்பெற்றுள்ளனர். ஆனால் படத்திலே அந்த இராட்சதனுக்குப் புலித்தலை! மந்திரங்கள் பல அவனைத் தீண்டா. புனிதப்படுத்தப்பட்ட அம்பு ஒன்று தைத்தால் மடிவான் என்று விதி வகுத்திருக்கிறார்கள். நம் புராணங்களை அறிந்தவர்களுக்கு அந்தப் படம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அதன் உள்ளே இருக்கும் கருத்து நமக்கு அந்நியமன்று.

நம் புராணத்து அசுரர்களை எண்ணிப் பாருங்கள். வரம் என்பது யாது? அது ஒரு விதி. இரணியன் மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டின் உள்ளும் புறமும், நிலத்திலும் வானிலும், எந்தப் படைக்கலத்தாலும் தனக்கு இறப்பு நேரலாகாது என்று வரம் பெற்றான். அவனை அழிக்க வந்த திருமால் அந்த வரத்தை இல்லையென்று தள்ளிவிடவில்லை. மனிதனும் விலங்குமல்லாத வடிவிலே, அந்தி வேளையிலே, வாசற்படியிலே, மடிமீது கிடத்தி, நகத்தாற் கீறினார். தெய்வமே விதிக்குள் நின்றுதான் வென்றது. எல்ல என்னும் ஊருக்குச் செல்வோர் இராவணன் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சியையும் குகையையும் காண்பார்கள். அந்த இராவணன் தேவராலும் அரக்கராலும் அழிவில்லாமையை வேண்டிப் பெற்றான். மனிதரைப் பொருட்படுத்தாது விட்டான். அவன் செருக்கே அவன் வரத்திலிருந்த ஓட்டை. தொட்டவரைச் சாம்பலாக்கும் பஸ்மாசுரன் தன் தலையிலேயே கைவைத்து மாண்டான். இவற்றிலே நாம் காணும் இன்பம் யாது? அசுரன் வீழ்ந்தான் என்பது மட்டுமன்று. சொன்ன சொல் ஒன்றும் மாறாமலே வீழ்ந்தான் என்பதாகும்.

நேயர்களே, இந்த உண்மையை நான் நூல்களைப் பார்த்துக் கற்கவில்லை. தவறு செய்து கற்றேன். பசறைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலே, மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஐவரோடு ஒரு கதையாட்டம் நடத்தினேன். அவர்கள் மருந்துப் பொதி ஒன்றை மலைக்கு அப்பாலுள்ள லயத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியிலே பனிமூட்டத்துக்குள் வாழும் ஒரு விலங்கு. அதற்குக் கண் தெரியாது; செவி மிகக் கூர்மை; ஓசை வந்த இடத்தை நோக்கிப் பாயும். இவ்வளவையும் நானே அவர்களுக்குப் பலவகைக் குறிப்புகளால் உணர்த்தியிருந்தேன். பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். ஒருவன் வெறுந் தகரம் ஒன்றைச் சரிவிலே உருட்டிவிடுவதாகச் சொன்னான். விலங்கு அந்த ஓசையைத் தொடர்ந்து ஓடும்; மற்றவர்கள் வெறுங்காலோடு மறுபக்கமாக நடந்துவிடலாம். அருமையான உபாயம்!

ஆனால் நானோ, இன்னும் அரை மணி நேரத்துக்குக் கதை வைத்திருந்தேன். இவ்வளவு விரைவில் முடிந்துவிடுகிறதே என்ற எண்ணத்தில், விலங்கு தகரத்தை விட்டுத் திரும்பி அவர்களைப் பார்த்தது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சிறுமி கேட்டாள்: "சேர், அதுக்குக் கண்ணு தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இப்போது தெரிகிறது" என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எவரும் கோபிக்கவுமில்லை. ஆனால் அதன்பின் அந்தக் குழந்தைகள் சிந்திப்பதை நிறுத்திவிட்டார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம், "ஓடுறோம் சேர்" என்ற ஒரே விடைதான் வந்தது. வலிமை வாய்ந்த விலங்குக்கு அவர்கள் அஞ்சவில்லை. நாளைக்கு எப்படி மாறும் என்று தெரியாத விலங்கை எதிர்த்து மூளையைச் செலவிடுவதிற் பயனில்லை என்று கண்டுகொண்டார்கள். அன்று நான் கெடுத்தது ஓர் ஆட்டத்தை மட்டுமன்று.

இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் எத்தகைய வாழ்வு வாழ்ந்தவர்கள் என்பதை எண்ணும்போது, அந்தச் சிறுமியின் கேள்வி இன்னும் ஆழமாகத் தைக்கிறது. எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் ஒரு பேர் விழும் என்பது காலையிலே தெரிந்திருந்தால், அந்தக் கணக்கு கடினமானதாயினும், ஒரு தாய் தன் நாளைத் திட்டமிட்டுக்கொள்வாள். மாலையிலே தராசின் முன்னால் அது மாறுமாயின், அவள் உழைப்புக்கும் அறிவுக்கும் பொருளில்லாமற் போகிறது. நாட்டின் வரலாற்றிலும் அப்படி ஒரு மாலை வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே மலைநாட்டுத் தோட்டத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனையடுத்து வந்த சட்டங்களும் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் பெயர்கள் பட்டியலில் இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலே விதி மாறியது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் செய்தபோதும், அவர்கள் 5,25,000 என்றும் 3,00,000 என்றும் எண்களாகவே பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்த 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அந்தத் துயரத்தின் மிச்சம் தொடர்ந்தது. வாழ்க்கையையும் விளையாட்டையும் ஒன்றாக நான் கருதவில்லை. ஆனால், விதி மாறக்கூடாது என்று துணிந்து கேட்கும் பழக்கத்தை ஒரு குழந்தை முதலிலே கற்பது விளையாட்டிலேதான்.

ஆகவே, கதையாட்டம் நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கும் அண்ணன்மார் அக்காள்மாருக்கும் சில சொற்கள்.

நீங்கள் படைக்கும் அரக்கன் எவ்வளவு வலியவனாகவும் இருக்கட்டும். அவன் இயல்பை ஆட்டம் தொடங்குமுன் எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டியதில்லை. மறைத்தல் வேறு, மாற்றுதல் வேறு. மறைந்திருப்பதை மதியாற் கண்டுபிடிக்கலாம். மாறிக்கொண்டிருப்பதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. மறைத்ததற்கும் அடையாளம் வையுங்கள். பாம்பரக்கன் வருமுன்னே புல் மடிந்திருக்கட்டும். நெருப்பரக்கன் வாழும் மலையிலே கரிந்த மரம் ஒன்றேனும் நிற்கட்டும். அடையாளமின்றி வந்து கொல்வது அச்சமன்று, விபத்து.

பலவீனம் அரக்கனின் இயல்பிலிருந்தே பிறக்கட்டும். செவி கூர்மையானால் பேரோசை அவனை வருத்தும். பேருடல் கொண்டவன் குறுகிய வழியிலே அகப்படுவான். ஒரே இனத்து அரக்கர் இருவர் வந்தால் இருவருக்கும் ஒரே விதி இருக்கட்டும்; முதலாமவனிடம் கற்றது இரண்டாமவனிடம் பயன்பட வேண்டும். சண்டையிட்டு வெல்ல முடியாதவனை விட்டு விலகவோ, பேசிப் பார்க்கவோ வழியிருக்கட்டும்.

இன்னொன்று. இரக்கத்தினாலும் விதியை மாற்றாதீர்கள். பிள்ளைகள் தோற்கப் போகிறார்களே என்று அரக்கனின் வலிமையை மெல்லக் குறைத்துவிடுவோர் உண்டு. அப்படிக் கிடைக்கும் வெற்றி அவர்கள் ஈட்டியதன்று. நாம் இட்ட பிச்சை. பிள்ளைகள் அதனை அறியமாட்டார்கள் என்று நினைப்பது நம் அறியாமை.

நீங்கள் செய்தது நியாயமா என்று அறிய ஒரு சோதனையும் சொல்கிறேன். ஆடுபுலி ஆட்டத்திலே, ஓர் ஆட்டம் முடிந்ததும் இடம் மாறிக்கொள்கிறோம். புலிக்காரர் ஆட்டுக்காரர் ஆகிறார். நீங்கள் எழுதிய அரக்கனை ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்து, நீங்கள் எதிரே அமர்ந்து ஆடுங்கள். அப்போதும் அந்த விதி உங்களுக்கு நியாயமாகத் தோன்றுமாயின், அது நியாயமே.

மறுவாரம் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைகளிடம், சென்ற வாரம் நான் செய்தது பிழை என்று சொன்னேன். புதிய விலங்கொன்றின் இயல்பை ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து, விளக்கின் அடியிலே வைத்தேன். ஆட்டம் முடிந்ததும் எவரும் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். தொடக்கத்தில் அவர்கள் அரைமனத்தோடுதான் ஆடினார்கள். போகப்போகக் குரல்கள் உயர்ந்தன. ஒருவரையொருவர் மறித்துப் பேசினார்கள்.

அன்று அவர்கள் தோற்றுப்போனார்கள். விலங்கு ஐவரையும் ஆற்றங்கரையிலே மடக்கிவிட்டது. என்னிடம் கேள்வி கேட்ட அந்தச் சிறுமியே தாளை எடுத்துப் பிரித்தாள். ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தாள். மூன்றாவது வரியிலே நிறுத்தி, "அடடா, பாலத்துல அந்தக் கீறலைப் பார்த்தோமே! அப்பவே புரிஞ்சிருக்கணும்" என்றாள். மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மழைக்குச் சாக்கைத் தலையிற் போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம், என்ன செய்திருந்தால் வென்றிருக்கலாம் என்று அவர்கள் வாதாடிக்கொண்டு போனது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.